பதினோராம் அத்தியாயத்துச் சூரியன்

கடலுக்குத்தான் போவதாக இருந்தது.
தரங்கம்பாடியில் அறை சொல்லி
முன்பணமும் கட்டியாகிவிட்டது.
புயல் சின்னம் என்றார்கள்.
சேலம் புது பஸ் ஸ்டாண்டில் குணசீலன்
பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி
"ஏற்காடு வண்டி நிக்குது" என்றார்.
எனக்கு வெள்ளிக்கிழமைக்குள் கதை போயாக வேண்டும்.
ஏறிவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு.
பதினான்காவதில் ஒரு குழந்தை
என் செருப்பின் மேல் வாந்தியெடுத்தது.
என் கதைகளில் யாரும் வாந்தியெடுப்பதில்லை.

இங்கே ஏரி இருக்கிறது,
கழுத்து வெளுத்த அன்னப் படகுகள் இருக்கின்றன.
அவற்றைப் பார்த்தபடி அலை எழுதுகிறேன்.
சில்வர் ஓக் மரங்களில் காற்று இரைவதை
அப்படியே கடலிரைச்சல் ஆக்கிக்கொள்கிறேன்.
மிளகாய் பஜ்ஜியின் எண்ணெய்ப் புகையைத்தான்
உப்புக்காற்றாக மாற்ற முடியவில்லை.

இருபத்திரண்டு வருடமாக மாதம் ஒரு காதல்.
அட்டையில் மிருணாளினி.
ரேஷன் கார்டில் அங்கம்மாள்.
இருநூற்றுச் சொச்சம் முத்தங்கள்,
எல்லாமே கடைசிக்கு முந்தின பக்கத்தில்.

குணசீலன் மேக்னசைட் கம்பெனிக் கணக்கில் ஓய்வு பெற்றவர்.
என் கோடு போட்ட தாள்களில்
சிவப்புப் பேனாவால் ஒற்று வைப்பார்.
காதலைப் பற்றிக் கருத்துச் சொன்னதில்லை.
ஒரே ஒருமுறை ஓரத்தில்
"இதழ் - ஒன்பது தடவை" என்று எழுதியிருந்தார்,
செலவுக் கணக்குப் போல.

சாயங்காலம் லேடீஸ் சீட்டில் நின்றோம்.
கீழே சேலம் விளக்கு விளக்காய்.
அவர் ஐந்து ரோடு மேம்பாலத்தைக் கண்டுபிடித்துவிட்டு
வெகுநேரம் எங்கள் தெருவைத் தேடினார்.
திரும்பி வந்து பதினோராம் அத்தியாயத்தை எடுத்தார்.
சிவந்த சூரியன் கடலில் மூழ்க,
விக்ராந்த் பின்னாலிருந்து சம்யுக்தாவை அணைக்கிறான்.

"தரங்கம்பாடியில சூரியன் கடல்ல மறையாதே.
இவங்க முதுகுக்குப் பின்னால
பஸ் ஸ்டாப் பக்கமால்ல மறையும்."

யார் திசை பார்த்துப் படிக்கிறார்கள் என்றேன்.
"காலையில வெச்சுக்க. உதிக்கும்" என்று
குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறுவரை
இவர்கள் இருவரையும் நான் என்ன செய்வது?
தாலிக்கு முன் ஒரே அறை கிடையாது,
பதிப்பகத்தின் சட்டம்.
மணலில் உட்கார வைத்தேன்.

இரவு ஒரு மணியில் ஒரு கதாநாயகனை
இதுவரை நான் பார்த்ததே இல்லை.
கால் மரத்துப்போய் உதறினான்.
நாய் என்றால் பயம் என்றான்.
வீட்டுக்கடன் எவ்வளவு பாக்கி என்று அவள் கேட்டாள்,
சொன்னான், சரியான தொகையை.
காது வலிக்கிறதென்று அவள் தோட்டைக் கழற்றினாள்.
திருகாணி மணலில் விழுந்தால் கிடைக்காது என்று
அவன் அதை உள்ளங்கையில் வாங்கி
மூடிக்கொண்டான்.
அப்புறம் விடியும்வரை அந்தக் கையை
வேறெதற்கும் பயன்படுத்தவில்லை.

மூன்று மணி இருக்கும்.
"இன்னும் விடியலையா?"
போர்வைக்குள்ளிருந்து குரல்.
"யாருக்கு?"
"அவங்களுக்குத்தான்."
"இல்ல. தூங்குங்க."

சூரியன் இரண்டே வரியில் வந்துவிட்டது.
அணைப்பை எழுத மறந்துவிட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே பனி
காப்பிச் செடிகளைத் தின்றுகொண்டிருந்தது.

குளித்துவிட்டு வந்தால்
தாள்கள் மேசையில் அடுக்கியிருந்தன.
அவர் டீ வாங்கப் போயிருந்தார்.
ஒற்றுப்பிழை நான்கு.
கடைசித் தாளின் ஓரத்தில், சிவப்பில்,
கொஞ்சம் கோணலாய்:

"திருகாணியைத் திருப்பிக் கொடுத்தானா?
சொல்லவில்லையே."